பிராசஸரை முடுக்கினால் கேம் பறக்குமா?

கேள்வி: சார், நான் தங்கவயல் பக்கம் பூதிகோட்டையில் இருக்கிறேன். பி.காம். இரண்டாம் ஆண்டு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ரைசன் 5 3600 பிராசஸர், அதோடு வந்த சின்ன கூலர், பி450 போர்டு, 8 ஜி.பி. ரேம் ஒரே ஸ்டிக், ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரன்ட் நன்றாக ஓடுகிறது. ஜி.டி.ஏ. 5-ல் ஊருக்குள் வண்டி ஓட்டும்போது திக்கித் திக்கி நிற்கிறது. சைபர்பங்க் 2077-ல் 30 எஃப்.பி.எஸ். தாண்டுவதே பெரும்பாடு. அப்போது பார்த்தால் கார்டு 99 சதவீதம், பிராசஸர் 45 சதவீதம் என்று காட்டுகிறது. மத்தியானம் ஷீட் போட்ட மாடி அறையில் பிராசஸர் சூடு 85 வரை போகிறது. ஓவர்கிளாக் செய்து 4.3 கிகாஹெர்ட்ஸ் வைத்து, வோல்டேஜை 1.4 ஆக்கினால் செலவில்லாமல் வேகம் கூடும் என்கிறான் நண்பன். சும்மா இருக்கும்போதே 1.45 காட்டுகிறது, அதனால் 1.4 ஒன்றும் செய்யாது என்றும் சொல்கிறான். செய்யலாமா? சாயந்திரம் போர்வெல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கரன்ட் ஏறி இறங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.
- வாசகர், பூதிகோட்டை

பதில்: வேண்டாம், தம்பி. ஓவர்கிளாக் என்றாலே ஆபத்து என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்களே எழுதி அனுப்பிய இரண்டு எண்களைப் பாருங்கள். கார்டு 99, பிராசஸர் 45. அங்கே கார்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. பிராசஸர் அது முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது. காத்திருப்பவனை விரட்டி என்ன பயன்?

சைபர்பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் 2.0 பதிப்பு வந்தபோது அந்த கேமின் குறைந்தபட்சத் தேவையை உயர்த்தினார்கள். 12 ஜி.பி. ரேம், 6 ஜி.பி. நினைவகமுள்ள ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு, பிராசஸரில் ரைசன் 5 1600. உங்களிடம் இருப்பது 8 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. கார்டு. இரண்டும் அந்த வரம்புக்குக் கீழே. பிராசஸர் மட்டும் வரம்பைத் தாண்டி நிற்கிறது. உங்கள் நண்பர் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓடு என்கிறார்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். தாவி ஏறினால் தடை கார்டில். ஏறாமல் அதே இடத்தில் நின்றால் தடை பிராசஸரிலோ ரேமிலோ. ஓவர்கிளாக் பற்றிக் கேட்கும் யாரும் முதலில் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிட்டுக் கேட்டால், பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

வேலரன்ட் கதை வேறு. அது பிராசஸரை நம்பி ஓடும் கேம், அங்கே ஓவர்கிளாக்குக்கு ஓரளவு பலன் தெரியும். ஆனால் உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். நொடிக்கு 75 படத்துக்கு மேல் அது காட்டாது. வேலரன்டில் உங்கள் பிராசஸர் இப்போதே அதைவிடப் பல மடங்கு கொடுக்கும். கூடுதலாக வரும் பத்தோ இருபதோ உங்கள் கண்ணுக்கு வந்து சேராது.

உங்கள் நண்பர் சொல்வது பழைய காலத்து உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1998-ல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ பிராசஸரின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் அது 450-ல் ஓடியது. அடுத்த தட்டில் பல மடங்கு விலைக்கு இருந்த பென்டியம் 2-ஐ எட்டிப் பிடித்தது. 2011-ல் வந்த ஐ5 2500கே, 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், நல்ல கூலர் வைத்தவர்களிடம் 4.5 வரை சாதாரணமாகப் போனது. அந்த நாட்களில் கம்பெனிகள் சிப்பின் பலத்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தே விற்றன. நாம் அதை எடுத்துக்கொண்டோம்.

இப்போது அந்த மிச்சத்தைக் கம்பெனியே எடுத்துவிடுகிறது. உங்கள் 3600-இன் அடிப்படை வேகம் 3.6, பூஸ்ட் 4.2. சூடு, மின்னோட்டம், வேலைப்பளு எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் பார்த்து, எந்தக் கோருக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று சிப்பே முடிவுசெய்கிறது. கையால் 4.3 என்று பூட்டினால், ஒரு கோர் ஏற்கெனவே தொடும் 4.2-க்கு மேல் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. அதையும் உங்கள் சிப் தாங்குமா என்பது அதிர்ஷ்டம்தான். 3600-களில் பல 4.2-லேயே தள்ளாடும்.

இன்னொரு உதாரணம் சொன்னால் இது சட்டென்று விளங்கும். 2022-ல் ஏ.எம்.டி. 5800எக்ஸ்3டி என்ற பிராசஸரைக் கேமிங்குக்கென்றே கொண்டுவந்தது. அதன் உச்ச வேகம் 4.5. முந்தைய 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7. மெதுவான அந்தப் புதியதுதான் கேம்களில் முந்தியது. காரணம், கிகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 96 எம்.பி. கேஷ் வைத்திருந்தார்கள். கேமுக்குத் தேவையான தரவு பிராசஸரின் பக்கத்திலேயே இருந்தது. அதில் கையால் வேகம் ஏற்ற முடியாதபடி ஏ.எம்.டி.யே பூட்டியும் விற்றது. கேமிங்குக்கு ஆகச் சிறந்த பிராசஸர் என்று அப்போது பலரும் கொண்டாடியது ஓவர்கிளாக் செய்யவே முடியாத ஒரு சிப்பை!

இனி 1.4 வோல்ட். இங்கேதான் உங்கள் நண்பர் தவறு செய்கிறார், அதுவும் பலரும் செய்யும் தவறு. சும்மா இருக்கும்போது 1.45 காட்டுவது உண்மை. அப்போது ஒரே ஒரு கோர் ஒரு நொடிக்கும் குறைவாக விழித்து வேலை செய்துவிட்டுத் தூங்கப் போகிறது. வோல்டேஜ் அதிகம், ஓடும் மின்னோட்டமோ மிகக் குறைவு. ஆறு கோரும் முழுப் பளுவில் ஓடும்போது 1.4-ஐ நிலையாகக் கொடுப்பது முற்றிலும் வேறு சங்கதி. அதிக வோல்டேஜ், அதிக மின்னோட்டம், அதிகச் சூடு மூன்றும் சேர்ந்தால் சிப் உள்ளுக்குள் மெல்லத் தேயும். இன்று 4.3-ல் ஓடுவது சில மாதங்களில் நீலத்திரை காட்டும். பிறகு 4.2-ம் நிற்காது.

வோல்டேஜ் தேய்க்கும் என்பதற்கு 2024-இல் உலகமே சாட்சி. இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை உயர்ரக பிராசஸர்கள், யாரும் கை வைக்காமலேயே, கேம் நடுவே நின்றுபோயின. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும்படி உள் நிரல் அமைந்திருந்தது என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து திருத்தங்கள் வெளியிட்டது. வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யவில்லை. உங்களுடையது செகண்ட் ஹேண்ட். வாரன்டி நீட்ட யாரும் இல்லை. முதல் உரிமையாளர் ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தாரோ, அதுவும் தெரியாது.

அடுத்தது சூட்டுக் கணக்கு. ஒரு சிப் குடிக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பக் கூடும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆறு கோரும் 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் ஓடுவதை 4.3, 1.4-க்குக் கொண்டுபோனால் வேகம் ஏழரை சதவீதம் ஏறும், மின்சாரம் சுமார் 35 சதவீதம் ஏறும். உங்கள் மாடி அறை மத்தியானம் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் 85. அதாவது அறையைவிட 50 டிகிரி அதிகம். அந்த 50 இப்போது ஏறக்குறைய 67 ஆகும். 35-ஐக் கூட்டினால் 102. இந்தச் சிப்புக்கு ஏ.எம்.டி. வைத்த எல்லை 95. யூடியூபில் ஓவர்கிளாக் செய்து காட்டுகிறவர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் எண்ணோடு உங்கள் ஷீட் அறையின் வித்தியாசத்தைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

தங்கவயல்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதித்தது. மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பாமல் அங்கே ஆள் வேலை செய்ய முடியவில்லை. சிப்பிலும் வழி அதுதான், முதலில் காற்று. கூலரைக் கழற்றிப் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். தூசி தட்டுங்கள். கேபினட்டுக்குப் பின்னால் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று இருக்கிறதா பாருங்கள். கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை லேசாகத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும்.

இப்போது செலவுக்கு வருவோம். உங்கள் கம்ப்யூட்டரில் முதலில் கவனிக்க வேண்டியது ரேம். ஒரே ஸ்டிக் என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே பாதி வழிதான் திறந்திருக்கிறது. 8 ஜி.பி.யில் விண்டோஸும் பிரவுசரும் ஒரு பங்கைத் தின்றபின் ஜி.டி.ஏ.வுக்கு என்ன மிஞ்சும்? ஊருக்குள் வண்டி ஓட்டும்போது திக்குவது பெரும்பாலும் இதனால்தான். (கேம் ஹார்டு டிஸ்கில் இருக்கிறதா, எஸ்.எஸ்.டி.யிலா என்று நீங்கள் எழுதவில்லை. ஹார்டு டிஸ்க் என்றால் அதுவும் ஒரு குற்றவாளி.) அதே வகை 8 ஜி.பி. ஸ்டிக் இன்னொன்று தேடுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டே பாருங்கள். ரேம் கெடுவது அபூர்வம். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் வழக்கமாகப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை. டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் என்ன என்று பாருங்கள். 3200 என்று விற்ற ஸ்டிக் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கினால் சரியாகிவிடும். போர்டு கம்பெனியைப் பொறுத்து டி.ஓ.சி.பி., ஏ-எக்ஸ்.எம்.பி. என்றும் பெயர் இருக்கும். 3600 பிராசஸர் 3200 வரை முறைப்படியே தாங்கும், எனவே இதில் வில்லங்கம் இல்லை. நண்பர் சொன்ன இலவச வேகம் உங்களிடம் எங்கேயாவது ஒளிந்திருந்தால் இங்கேதான் இருக்கும்.

கரன்ட் விஷயம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த வட்டாரம் உங்களுடையது. ஆனாலும் சாயந்திர மோட்டார் நேரத்தை மறக்க முடியாது. கேபினட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். என்றால் ரேமுக்கு அடுத்த பணம் அதற்குத்தான். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ளதாக வாங்குங்கள். நாளை பெரிய கார்டு வாங்கினாலும் அது பயன்படும். நடுவில் ஒரு யு.பி.எஸ். இருந்தால் நல்லது. ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் நின்றுபோனால் காரணம் வோல்டேஜா, கரன்டா, ரேமா என்று கண்டுபிடிப்பது தலைவலி. உங்கள் ஊர்ச் சாயந்திரங்களில் அது இரட்டைத் தலைவலி.

கை துறுதுறுவென்று இருக்கிறதென்றால் கார்டில் விளையாடுங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் கோர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். கார்டின் வோல்டேஜைக் கம்பெனி ஏற்கெனவே கட்டிப்போட்டிருப்பதால் அளவு மீறினாலும் பெரும்பாலும் கேம்தான் நின்றுபோகும், ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். சில சதவீதம் கிடைக்கலாம். தடை அங்கேதான் இருக்கிறது என்பதால் அந்தச் சில சதவீதம் திரையில் தெரியவும் செய்யும்.

பிராசஸரை மாற்றியே ஆக வேண்டும் என்று பிற்பாடு தோன்றினால், உங்கள் பி450 போர்டில் பயாஸ் அப்டேட் செய்தபின் ரைசன் 5 5600 உட்காரும். 3600-ஐ எவ்வளவு முடுக்கினாலும் அதன் வேகத்தை எட்டாது. ஆனால் அது கார்டுக்கும் பிறகு வர வேண்டிய செலவு.

ஆக, இந்த வாரம் எக்ஸ்.எம்.பி., பேஸ்ட், தூசி. கையில் பணம் வந்ததும் இரண்டாவது ரேம் ஸ்டிக், பிறகு எஸ்.எம்.பி.எஸ்., அதன்பின் கார்டு. ஸ்டிக் போட்ட பிறகும் ஜி.டி.ஏ. திக்கினால் ரெசல்யூஷன் 1080, 720 இரண்டிலும் வந்த எஃப்.பி.எஸ்., அப்போது கார்டும் பிராசஸரும் காட்டிய சதவீதம், கேம் எந்த டிஸ்கில் இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்.