கைக்கு அடக்கமான பல்பயன் களைக்கொத்து: நாமே வடிவமைத்துக் கொள்வோம்



நிலக்கடலைக்கு விதைத்த முதல் 45 நாட்களே களைக்கும் பயிருக்கும் இடையிலான போட்டி கடுமையாக இருக்கும் காலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பின் விழுதுகள் மண்ணில் இறங்கிவிடும். செடியின் அடியைக் கிளறினால் காய் குறையும். ஆகவே குறுகிய காலத்தில் களையெடுப்பை முடித்தாக வேண்டும். ஆள் கிடைப்பதோ அரிதாகி விட்டது. கிடைத்த ஆட்களின் கையிலும் முனை மழுங்கி, காம்பு ஆடும் கொத்து இருந்தால் கூலியும் நாளும் வீணாகும்.

களையெடுக்கப் போகும்போது களைக்கொத்து ஒன்று, கோரைக் கிழங்கைத் தோண்ட வேறொன்று, பாடுவாசி நிரப்ப அளவு குச்சி ஒன்று எனப் பலவற்றைச் சுமந்து செல்கிறோம். வேண்டிய கருவி பெரும்பாலும் அடுத்த வரப்பில் கிடக்கும். இந்த வேலைகளை ஒரே சிறு கருவியில் அடக்க முடியுமா? முடியும். அதை உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையிலேயே செய்து கொள்ளும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

எதைச் சேர்க்கலாம், எதை விட வேண்டும்?

பல்பயன் கருவி என்றவுடன் கொத்து, அரிவாள், சுத்தி, ரம்பம் அனைத்தையும் ஒன்றாக்கும் ஆசை எழும். இங்குதான் பலர் தவறு செய்கின்றனர். ஒரே வகையான கை அசைவில் நடக்கும் வேலைகளை மட்டுமே ஒரு கருவியில் சேர்க்க வேண்டும். கொத்துவதும் கிழங்கைத் தோண்டி இழுப்பதும் ஒரே அசைவு, அவற்றைச் சேர்க்கலாம். கதிர் அறுப்பது வேறு அசைவு. அரிவாளுக்கு மெல்லிய, வளைந்த, கூரான வாய் தேவை. கொத்துக்குக் கல்லில் பட்டாலும் உடையாத தடித்த வாய் தேவை. மண்ணில் கொத்திய வாயால் கதிர் அறுக்க முடியாது. அறுக்கும் வாயால் மண்ணைக் கொத்தினால் அன்றே மழுங்கிவிடும். எனவே அரிவாளைத் தனியாகவே வைத்துக் கொள்ளுங்கள்.

நாம் செய்யப் போகும் கருவிக்கு மூன்று வேலைகள் போதும்.

1. ஒரு பக்கம் தட்டையான இலை: களையைச் செதுக்கவும் மேல் மண்ணைக் கொத்தவும்.

2. மறு பக்கம் இரண்டு முட்கள்: கோரை, அருகு போன்றவற்றை வேரோடும் கிழங்கோடும் எடுக்க. இலையால் கோரையை வெட்டினால் மேல் தழைதான் போகும். மண்ணுக்குள் உள்ள கிழங்கு மீண்டும் முளைக்கும். அருகின் தண்டைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும். முள் இவற்றை அறுக்காமல் மண்ணைத் தளர்த்தி மேலே கொண்டு வரும்.

3. காம்பில் அளவுக் கோடுகள்: இடைவெளி பார்த்துப் பாடுவாசி நிரப்ப.

அளவுகள்

இது உட்கார்ந்தோ குனிந்தோ ஒரு கையால் பயன்படுத்தும் கருவி. இலையின் நீளம் 12 செ.மீ., வாய் அகலம் 6 செ.மீ. இருக்கட்டும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. உள்ள கடலையில் இந்த அகலம் செடியைத் தொடாமல் வேலை செய்ய ஏற்றது. இலையின் தடிப்பு காம்புத் துளை அருகே 4 மி.மீ., வாயருகே 2 மி.மீ. என்று படிப்படியாகக் குறைய வேண்டும். முட்களின் நீளம் 8 செ.மீ., இரண்டுக்கும் இடைவெளி 3 செ.மீ. போதும். காம்பின் நீளம் 35 செ.மீ. மொத்த எடை 600 கிராமைத் தாண்டக் கூடாது. நாள் முழுவதும் ஓங்கும் கைக்கு ஒவ்வொரு 100 கிராமும் பாரமே.

இலைக்கும் காம்புக்கும் இடையே உள்ள கோணம் மிக முக்கியம். செங்கோணமாக, அதாவது 90 டிகிரியாக வைத்தால் இலை மண்ணைச் செதுக்காமல் குத்தி நிற்கும், மணிக்கட்டு வலிக்கும். 65 முதல் 70 டிகிரி வரை உள்சாய்வாக வைத்தால் இழுக்கும்போது இலை மண்ணுக்குள் சரிந்து செல்லும்.

முதலில் அட்டையில் செய்து பாருங்கள்

இரும்பைக் காய்ச்சும் முன் தடித்த அட்டையில் தலைப்பகுதியை வெட்டி, ஒரு குச்சியில் கட்டிக் கொள்ளுங்கள். அதை வயலுக்கு எடுத்துச் சென்று, வழக்கமாகக் களையெடுக்கும் நிலையில் உட்கார்ந்து ஓங்கிப் பாருங்கள். இலையின் வாய் முழுவதும் ஒரே சமயத்தில் மண்ணைத் தொடுகிறதா? முள் உங்கள் முகத்தை நோக்கி வருகிறதா? செடி வரிசைக்குள் திருப்ப இடம் இருக்கிறதா? நம் ஊர்களில் களையெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். ஆகவே அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகே கொல்லரிடம் செல்லுங்கள். அட்டையைத் திருத்தக் கத்தரி போதும்; எஃகைத் திருத்த மீண்டும் உலை மூட்ட வேண்டும்.

எஃகு தேர்வு

சாதாரண இரும்புப் பட்டையில் கரி மிகக் குறைவு, தோய்ச்சல் ஏறாது, வாய் விரைவில் மழுங்கும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை ஏற்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள பட்டையை மட்டும் ஒதுக்க வேண்டும். இதை அறிய எளிய வழி உண்டு. பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுங்கள். சிறிது நேரம் கழித்து நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் கோடு தெரியும்.

இலை, காம்புத் துளை, முட்கள் மூன்றும் ஒரே துண்டில் அடித்து எடுக்கப்பட வேண்டும். வேலை எளிது என்று குழாய்த் துண்டை வெல்டிங் வைக்கச் சிலர் சொல்வர். ஸ்பிரிங் எஃகில் முறையாகச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் ஒட்டின் ஓரம் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறும். வயலில் ஓங்கும்போது தலை தெறித்தால் அருகில் இருப்பவருக்கு ஆபத்து.

தோய்ச்சல்

வாயிலிருந்து 3 செ.மீ. வரை மட்டுமே தோய்ச்சல் போட வேண்டும். துளைப் பகுதி கடினமாகக் கூடாது. நிழலான இடத்தில் உலையை வைத்தால்தான் நிறம் சரியாகத் தெரியும். வாய் நல்ல சிவப்பானதும் இடுக்கியில் பிடித்த காந்தத்தை அருகே காட்டுங்கள். காந்தம் ஒட்டாத நிலைக்கு வந்த பின் இன்னும் சிறிது சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டும். ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கலாம். எண்ணெய் தீப்பற்றக் கூடும். ஆகவே உலோகப் பாத்திரத்தில் வைத்து, மூடியும் உலர்ந்த மணலும் பக்கத்தில் வைத்திருங்கள். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தோய்த்தவுடன் வாய் மிகக் கடினமாக இருக்கும். கல் பட்டால் உதிரும். எனவே அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, துளைப் பக்கமிருந்து மெல்லச் சூடேற்றுங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக வாயை நோக்கி ஓடும். கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். கொத்துக்கு ஊதா கலந்த நீலம் வாயை அடையும்போது, அதாவது 280 முதல் 300 டிகிரி செல்சியஸ் அளவில், சூட்டை நிறுத்த வேண்டும். முட்களுக்கும் இதே முறைதான். பின்னர் அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் சற்றுச் சிரமத்துடன் பிடித்தால் சரி. கண்ணாடியில் போல வழுக்கினால் தோய்ச்சல் மிகுதி. வெண்ணெய் போல் அராவினால் தோய்ச்சல் போதாது.

காம்பு

நன்கு உலர்ந்த, வைரம் பாய்ந்த கருவேல மரம் ஏற்றது. நார் ஓட்டம் காம்பின் நீளத்துக்கு நேராக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் காம்பு முறியும். பச்சை மரம் காய்ந்து சுருங்கியபின் தலை ஆடும்.

துளையை முட்டை வடிவில், மேல் வாய் அகன்றும் கீழ் வாய் குறுகியும் அமைக்கச் சொல்லுங்கள். காம்பின் தலைப்பக்கம் பருத்திருக்கட்டும். பிடிப்பக்கத்தைத் துளையின் மேலிருந்து நுழைத்துக் கீழே இழுத்தால், பருத்த பகுதி துளையில் இறுகும். ஓங்க ஓங்க இன்னும் இறுகும், ஆப்பு வேண்டாம். கருவியை நிமிர்த்திப் பிடித்துப் பிடியின் அடியைத் தரையில் தட்டினால் தலை கழன்றுவிடும். இரண்டையும் ஒரு சிறு பையில் போட்டுச் செல்லலாம். காம்பு முறிந்தாலும் வயலிலேயே மாற்றலாம்.

பிடி ஏறத்தாழ 3.5 செ.மீ.க்கு 2.7 செ.மீ. என முட்டை வடிவில் இருக்கட்டும். அப்போது கையில் சுழலாது. பிடிக்கும்போது கட்டைவிரல் நுனி நடுவிரல் நுனியைத் தொட்டால் உங்கள் கைக்குச் சரியான பருமன். பிடியின் அடியிலிருந்து 10, 15, 30 செ.மீ. தூரத்தில் காய்ச்சிய கம்பியால் சுட்டுக் கோடு போடுங்கள். வெட்டுக் கோடு கையை உரசும். சுட்ட கோடு உரசாது, அழியவும் செய்யாது. கடலைக்கு 30-க்கு 10, சோளத்துக்கு 45-க்கு 15 செ.மீ. இடைவெளிகளை இந்த மூன்று கோடுகளாலேயே அளக்கலாம். இலையில் வாயிலிருந்து 5 செ.மீ.யில் ஓர் உளிக் கோடு இருந்தால் விதைக்கும் ஆழமும் தெரியும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

* இருபக்கக் கருவியில் பின்பக்கமே ஆபத்து. இலையால் கொத்தும்போது முள் உங்களை நோக்கியிருக்கும். தோளுக்கு மேல் ஓங்கக் கூடாது. முள் நுனிகளை ஊசியாக்காமல் சற்று உருட்டி விடுங்கள்.

* இருவர் அருகருகே வேலை செய்தால் இரண்டு கை தூரம் விட்டு உட்காருங்கள்.

* எடுத்துச் செல்லும்போது பழைய சைக்கிள் டயர்த் துண்டை இலைக்கும் முள்ளுக்கும் உறையாக மாட்டுங்கள்.

* மண் படிந்த கருவியால் காயம் பட்டால் சிறிதாயினும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, மருத்துவரிடம் காட்டித் தேவைப்பட்டால் இரணஜன்னி தடுப்பூசி போட்டுக் கொள்ளுங்கள்.

* வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். வாயை ஒரு பக்கம் மட்டும் அரத்தால் தீட்டுங்கள். சாணைச் சக்கரத்தில் நீலம் பாயுமளவு சூடேற்றித் தீட்டினால் தோய்ச்சல் போய்விடும்.

முதலில் ஒரே ஒரு கருவி செய்து, ஒரு களையெடுப்பு முழுவதும் பயன்படுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் கை வலித்தது, எங்கே மண் ஒட்டியது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை வைத்துக் கொண்டு இரண்டாவது கருவியைச் செய்தால் அது உங்கள் மண்ணுக்கும் உங்கள் வீட்டாரின் கைக்கும் பொருந்தியதாக அமையும். அவ்வாறு செய்து, களையைக் காலத்தில் எடுத்து, நல்ல விளைச்சல் காண்பீர்களாக!