விமானம் எழும்புங்கால் ஒலியும் புகையும்

காரைக்காலில் வாழ்வோர் ஆகாய யாத்திரை செய்ய விரும்பின், திருச்சிராப்பள்ளிக்கோ சென்னை மீனம்பாக்கத்திற்கோ சென்றே விமானம் ஏறுதல் வழக்கம். மீனம்பாக்கத்தை அடுத்துள்ள பல்லாவரமும் பரங்கிமலையும் மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள். விமானம் மேலெழும்புங்கால் இத்தகைய ஊரார்க்கு நேரும் இடர் இரண்டு: ஒன்று பேரொலி, மற்றொன்று புகை. இவற்றைக் கணித்துக் குறைக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

விமானம் செல்லும் வழியைச் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்க. ஒவ்வொரு கூறிலும் எஞ்சினின் உந்துவிசையும் விமானத்தின் உயரமும் தெரிந்தால், கீழே கேட்கும் ஒலியைக் கணிக்கலாம். தூரம் இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். புகையை அறிய, அக்கூறில் எரியும் எண்ணெயின் நிறையை, ஒரு கிலோ எண்ணெய் ஈனும் வாயுவின் அளவால் பெருக்குக. ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமிலவாயு உண்டாம். சர்வதேச நியம அளவின்படி எஞ்சின் முழு விசையோடு 0.7 நிமிஷமும், பின்னர் 3,000 அடி உயரம்வரை நூற்றுக்கு 85 பங்கு விசையோடு 2.2 நிமிஷமும் இயங்கும். விசை மிகின் எரியறையில் உஷ்ணம் மிகும். அவ்வுஷ்ணத்தில் நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடித் தீய வாயுக்களாகும். சித்திரை வெயிலிலோ காற்று இலேசாதலால் விமானம் மெல்லவே உயரும்; ஆதலின் கணக்கு பருவத்திற்கேற்ப வேறுபடும்.

குறைக்கும் முறைகள் இரண்டு. இரண்டிலும் 800 அடிக்குக் கீழ் விசையைத் தணித்தல் கூடாது. முதல் முறையில், 3,000 அடிவரை வேகத்தை மிகுதியாகக் கூட்டாது விரைந்து உயர்வர். அருகிலுள்ள ஊர்கள் ஒலி குறையப்பெறும். இரண்டாவதில், 800 அடியைக் கடந்ததும் வேகங்கூட்டி, இறக்கையில் நீட்டிய மடிப்புகளை உள்வாங்குவர். சேய்மையிலுள்ள ஊர்கள் பயன்பெறும். எண்ணெயும் பெரும்பாலும் மிஞ்சும். ஒருவர்க்கு நலஞ்செய்யும் வழி மற்றொருவர்க்குச் சுமையாதல் காண்க.

நெருக்கடி மிக்க விமான நிலையங்களில் சராசரி ஒலி பகலில் 70, இரவில் 65 டெசிபெல்லை மிகலாகாதென இந்திய அரசாங்கம் 2018-ஆம் ஆண்டில் விதித்தது. ஆயினும் நள்ளிரவில் ஒருமுறை எழுந்த பேரொலியால் திடுக்கிட்டெழுந்த குழவியின் அழுகையைச் சராசரி அறியாது. ஆதலின் கணிப்போர், மொத்த ஒலி எவ்வளவு குறைந்தது என்பதோடு அமையாது, குறைந்த ஒலி எவ்வூரை விட்டு நீங்கிற்று, எவ்வூரின்மேற் சென்று விழுந்தது என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூறுங் கணக்கே நிறைவான கணக்கு.