மேட்டில் படுக்கும் வண்டி

அன்புள்ள தம்பி,

சங்ககிரியில் சொந்தப் பட்டறை போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். பழைய லாரிகள் இன்னும் ஓடுகிற வட்டாரம் அது, வேலைக்குப் பஞ்சம் இருக்காது. உன்னிடம் அடிக்கடி வரப்போகிற புகாரை இப்போதே சொல்லிவிடலாம்: "வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க, மேட்டுல படுத்துக்குது." கூடவே முதலாளி மருந்தையும் சொல்லிவிடுவார்: "பம்புல கொஞ்சம் டீசல் ஏத்தி உடுப்பா."

அந்த மருந்தை மட்டும் கொடுக்காதே. பம்பின் சீலை உடைத்துத் திருகைத் திருப்பினால் பல வண்டிகள் அன்றைக்கு இழுக்கத்தான் செய்யும். ஆனால் காற்று பற்றாத எஞ்சினுக்குக் கூடுதல் டீசல் கொடுத்தால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். எரியாத டீசல் லைனர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். பிஸ்டன் தலை வெந்துபோகும். அப்புறம் அதே வண்டி போர் வேலைக்கு வரும்போது, பம்பில் கை வைத்தவன் யார் என்று ஊரே சொல்லும்.

ஸ்பேனரைத் தொடுமுன் டிரைவரைப் பேசவிடு. குறை திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? கிளம்பும்போதே இருக்கிறதா, சூடான பிறகா? நிறுத்திப் போட்டால் சரியாகிறதா? கடைசியாக வண்டியில் என்ன வேலை பார்த்தார்கள்? அந்த இருக்கையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர் அவர், நம் காதைவிட அவர் காது கூர்மையானது. ஒன்று மட்டும் கவனி. ஊட்டிக்குக் காய்கறி லோடு எடுக்கப் போகிறவர், டர்போ இல்லாத வண்டி மேலே போனதும் மூச்சு வாங்குகிறது, கரும்புகை தள்ளுகிறது என்பார். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். அது நோய் இல்லை. அதற்குக் காசு வாங்காதே.

அடுத்தது, எஞ்சின்தான் குற்றவாளியா என்று பார். சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் அதிகம் போடாமல் நிறுத்தி, டிரம்களின் பக்கத்தில் கை கொண்டுபோ. ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆக்சிலரேட்டரை ஒருவரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்பின் லீவர் கடைசி வரை போய் முட்டுகிறதா என்று கண்ணால் பார். தேய்ந்த புஷ், கேபினில் சுருண்டு கிடக்கும் மிதியடி, முழுக்கத் திரும்பாத எஞ்சின் ஸ்டாப் கேபிள் எல்லாமே இழுவையைத் தின்னும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதன் தகடு பாதி மூடியபடி சிக்கியிருக்கிறதா பார்.

இத்தனையும் சரி என்றால் லோடோடு ஓட்டிப் புகையைப் பார். கரும்புகையென்றால் காற்று குறைவு, அல்லது நாசில் சரியாகத் தெளிக்கவில்லை. நீலப்புகையென்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை என்றால் டைமிங்கையோ கம்ப்ரஷனையோ சந்தேகி. மிதித்தாலும் புகையே இல்லை, இழுவையும் இல்லையா? டீசல் வந்து சேரவில்லை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் கதை இங்கேதான் இருக்கும்.

டீசல் வரும் வழியைப் பாதியாக வெட்டிப் பார். சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, உயரத்தில் உறுதியாகக் கட்டி, ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டு. வண்டி இழுத்தால் குறை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். இழுக்காவிட்டால் அதற்கு அந்தப் பக்கம். அரை மணி நேர வேலையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

டேங்க் பக்கம் என்று தெரிந்தால், அங்கே இரண்டு குறைகள் ஒரே மாதிரி நடிக்கும். ஒரு மணி நேரம் ஓடி வண்டி படுக்கும், பத்து நிமிஷம் நிறுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். படுத்த இடத்திலேயே டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால், டேங்குக்குள் கிடக்கும் துணியோ பேப்பரோ உறிஞ்சு குழாயில் போய் ஒட்டுகிறது, நின்றதும் விலகிவிடுகிறது. பட்டறைக்கு வந்த பிறகு திறந்தால் இரண்டும் தெரியாது, அதனால் டிரைவரிடம் சொல்லி அனுப்பு.

உறிஞ்சும் பக்கத்து ஓட்டை இன்னும் தந்திரக்காரன். வெளியே ஒரு சொட்டு டீசல் கசியாது, உள்ளே காற்றை மட்டும் இழுக்கும். நடுவில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் போட்டால் குமிழி தெரிந்துவிடும். கேன் வைத்தும் வண்டி இழுக்கவில்லை என்றால், ஃபீட் பம்பின் சல்லடையைக் கழுவு, இரண்டு ஃபில்டரையும் மாற்று. மெயின் பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வை மறக்காதே. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்புக்குள் அழுத்தம் நிற்காது, வந்த டீசல் வந்த வேகத்தில் டேங்குக்குத் திரும்பிவிடும். சிலர் அந்த இடத்தில் சாதாரண போல்ட்டையே மாட்டியிருப்பார்கள், பார்த்துச் சிரித்துவிட்டு மாற்று.

காற்றுப் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபில்டரை கம்ப்ரஸரில் பலமாக ஊதிக் கிழித்துவிடாதே, கிழிசல் வழியே போகும் தூசி லைனரைத் தின்றுவிடும். ஹோஸை வெளியில் பார்த்து நம்பாதே, உள்ளே விரல் விட்டுப் பார். உள் உறை உரிந்திருந்தால், முழு மிதியில் அதுவே தொண்டையை அடைக்கும்.

இதற்குப் பிறகுதான் நாசில். ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் துணி சுற்றி லேசாகத் தளர்த்து. எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருக்கிறது. கசிவை விரலால் தேடவே தேடாதே. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க நேரிடலாம். பம்பின் கப்ளிங் போல்ட் தளர்ந்து டைமிங் நகர்ந்திருக்கிறதா, டாப்பெட் இடைவெளி சரியா என்பதையும் பார்த்துவிடு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதென்றால், கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்த்த பிறகு ஹெட்டைப் பற்றிப் பேசலாம். எல்லாம் சரியாக இருந்தும் இழுக்காவிட்டால் பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பு. அளவு பார்க்கும் பெஞ்ச் அங்கேதான் இருக்கிறது, உன் பட்டறையில் இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை மாற்றி வண்டி சரியானால் எது மருந்து என்று உனக்கே தெரியாது.

"மூடியைத் தொடச்சதுக்கா இவ்வளவு?" என்று முதலாளி கேட்பார். கண்டுபிடித்ததற்குத்தான் கூலி என்று சொல்லி வாங்கிக்கொள், கூச்சப்படாதே. காலி வண்டியை ரோட்டில் ஓட்டிக் காட்டிச் சாவியைக் கொடுத்துவிடாதே, காலி வண்டி எதையும் சொல்லாது. சேலத்திலிருந்து தருமபுரிப் பக்கம் லோடு போகிற அன்று நீயும் கேபினில் ஏறு. தொப்பூர் ஏற்றத்தில் எந்த இடத்தில் எந்த கியர், என்ன வேகம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு வா. அடுத்த முறை அந்த வண்டி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டுமே.

அன்புடன்,
உன் பெரியப்பா