கணிப்பொறிக் கணக்கெடுப்பில் நேரும் பிழைகள்

தங்கச்சிமடத்துக் கடற்கரையில் நிற்கும் விசைப்படகுகளைக் கணக்கெடுக்க வரும் ஒருவர், படகின் பக்கத்தில் எழுதப்பட்ட பதிவெண்ணை மட்டும் குறித்துச் செல்வாராயின், உள்ளேயிருக்கும் எஞ்சின் சென்ற மாதம் மாற்றப்பட்டதை அறியமாட்டார். கலாசாலைகளிலுள்ள கணிப்பொறிகளின் உறுப்புகளைத் தாமே கண்டு பட்டியலிடும் மென்பொருள்களின் நிலையும் இதுவே. அவை பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. யந்திரம் தன்னைப்பற்றிச் சொல்லுவதை எழுதிக்கொள்ளுகின்றன.

அவ்விவரத்திற் பெரும்பகுதி எஸ்.எம்.பயாஸ் என்னும் அட்டவணையிலிருந்து கிடைப்பது. அதன் வடிவை வகுத்து வெளியிடுவது 1992-ஆம் ஆண்டில் தோன்றிய டி.எம்.டி.எஃப். என்னும் கூட்டமைப்பு. அதன் கட்டங்களை நிரப்பவேண்டியவரோ யந்திரத்தைச் செய்தவர். அவர் சோம்பியிருந்தால், வரிசை எண் இருக்கவேண்டிய இடத்தில் ‘உற்பத்தியாளர் நிரப்புக’ என்னும் பொருளுடைய ஆங்கில வாசகமே பட்டியலில் ஏறும். இதனினும் தொல்லை தருவது ஒன்றுண்டு. பொறிக்குப் பொறி வேறாக இருக்கவேண்டிய அடையாள எண், 03000200-0400-0500-0006-000700080009 என்று பல தாய்ப்பலகைகளில் ஒன்றாகவே விடப்பட்டிருக்கிறது. அதனையே ஆதாரமாகக் கொள்ளும் மென்பொருள் பத்துப் பொறிகளை ஒன்றெனக் கருதி, ஒன்றன் விவரத்தின்மேல் மற்றொன்றை எழுதிவிடும். இவ்விடத்துப் பொறியின் பெயரையும் வலையட்டையின் எண்ணையும் சேர்த்து ஒப்பிடுமாறு மென்பொருளை அமைத்தல் வேண்டும்.

பிழையைத் தேடுவோர் முதலில் மென்பொருளைப் பழிப்பது வழக்கம். அது முறையன்று. உறுப்பின்மேல் ஒட்டிய சீட்டு, பயாஸ் திரை, இயக்கமுறைமை, பட்டியல் ஆகிய நான்கையும் இவ்வரிசையிலேயே ஒப்பிடுக. எவ்விடத்தில் முதன்முதல் வேறுபாடு தோன்றுகிறதோ அவ்விடத்திலோ அதற்குச் சற்று முன்னரோ குற்றம் உள்ளது.

8 ஜி.பி. நினைவகமுள்ள பொறியைப் பட்டியல் 4 என்று காட்டுவதாகக் கொள்வோம். பயாஸ் திரையிலும் 4 என்றே இருப்பின், மென்பொருள் உண்மையே உரைத்தது. நம் தீவில் இதற்குரிய காரணத்தை நெடுந்தூரம் தேடவேண்டியதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரும்புப் பாலத்தை அரித்த அதே உப்புக்காற்று, நினைவகப் பலகையின் மெல்லிய தொடுமுனைகளையும் விட்டுவைப்பதில்லை. மின்னிணைப்பை நீக்கிப் பலகையைக் கழற்றி, முனைகளை மென்மையாகத் துடைத்துத் திரும்பப் பொருத்தினால் இழந்த 4 ஜி.பி. பலமுறை மீண்டுவிடும்.

பயாஸ் 8 என்று காட்ட, விண்டோஸ் 4-க்கும் குறைவாகவே பயன்படுத்துமாயின், அது 32 பிட் வகையா என்று நோக்குக. இயக்கமுறைமையும் சரியாகக் காட்டினால் மட்டுமே மென்பொருளைச் சந்தேகிக்கலாம். நினைவகப் பலகை ஒன்றை 32767 எம்.பி. என்று அது எழுதினால், 32 ஜி.பி. முதலான அளவுகளுக்கெனப் பின்னர்ச் சேர்க்கப்பட்ட கட்டத்தைப் படிக்கத் தெரியாத பழைய பதிப்பென்று கண்டுகொள்க. 8 ஜி.பி. நினைவகமுடைய படஅட்டையை 4 என்று காட்டுவதும் இத்தகையதே. விண்டோஸ் அவ்விடையைத் தரும் கட்டம் 32 பிட் அகலமே உடையது. 500 ஜி.பி. வட்டை 465 என்று காட்டுவது பிழையேயன்று. விற்பவர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024-ஆலும் பெருக்குகின்றனர்.

தமிழ்நாட்டரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. அத்தகைய பொறி ஒன்று இரண்டு முறைமைகளிலிருந்தும் செய்தி அனுப்பினால், பட்டியலில் இரண்டாகத் தோன்றக்கூடும். வரிசை எண்ணைக் கொண்டு அவற்றை ஒன்றாக்கிய பின்னரே பழைய பதிவை நீக்குக. நீக்கியதும் மென்பொருளை மறுமுறை ஓடவிட்டு, கடைசியாகச் செய்தி வந்த தேதியையும் பார்த்துக்கொள்க.