சிறையை அறிவியல் கதைக்குள் கொண்டுவருவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

சேலம் மத்திய சிறையை வைத்து அறிவியல் கதை எழுதப்போவதாகச் சொல்லி, மதிலுக்குப் பதில் லேசர் வேலி, வார்டருக்குப் பதில் ரோபோ என்று மாற்றினால் போதுமா எனக் கேட்டிருந்தாய். போதாது. கருவியைப் புதிதாக்கினாலே கதை அறிவியல் ஆகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவிக் கிடக்கிறது. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. ஏற்காட்டிலிருந்து இறங்கி அஸ்தம்பட்டி வந்தால் இருக்கிறது அந்தச் சிறை. அதன் பூட்டு எந்த நூற்றாண்டுப் பூட்டாக இருந்தால் என்ன? ஒருவனுடைய நாட்களை இன்னொருவர் கையில் எடுத்துக்கொண்டால் அவன் மனம் என்ன ஆகும் என்பதைத்தான் கதை சோதிக்க வேண்டும்.

ஜாக் லண்டனின் ‘தி ஸ்டார் ரோவர்’ (1915) நாவலைப் படி. களம் கலிஃபோர்னியாவின் பழைய சான் க்வென்டின் சிறை. நாயகன் ஸ்டாண்டிங் ஒரு வேளாண் பேராசிரியர், கொலைக் கைதி. உடம்பைக் கித்தானில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிப் போடும் தண்டனை அவருக்கு. அது கற்பனையல்ல, அன்றைய கலிஃபோர்னியச் சிறைகளில் உண்மையாகவே நடந்தது. அதை அனுபவித்த எட் மோரல் என்ற கைதி சொந்தப் பெயரிலேயே நாவலில் வருகிறார். பக்கத்து அறைக்காரர்கள் விரல் முட்டியால் சுவரைத் தட்டித்தான் பேசிக்கொள்கிறார்கள். மோரல் அப்படிக் கற்றுத்தந்த முறையில் ஸ்டாண்டிங் கால்விரலில் தொடங்கி உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மரக்கச் செய்து, முற்பிறவிகளுக்குள் போய் வருகிறார். ஒரு பிறவியில் கொரியாவில் மாலுமி, இன்னொன்றில் தனித்தீவில் ஒதுங்கியவன். நாவல் முழுக்க ஒரு புதிய கருவி கூடக் கிடையாது.

மறுபிறவிக் கதை எப்படி அறிவியல் கதை ஆகும் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டாண்டிங் தன் அனுபவத்தை அப்படியே நம்பிவிடுவதில்லை. தீவில் கிடந்தவன் நாட்களைச் செதுக்கிவைத்த துடுப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்கிறார். முறை, கவனிப்பு, சரிபார்ப்பு மூன்றும் இருக்கின்றன. ரோபோ வார்டரை நிறுத்திவிட்டு எதையும் சோதிக்காத கதையை விட இது அறிவியலுக்கு நெருக்கம் என்பேன். 1995இல் வந்த ‘ட்வெல்வ் மங்கீஸ்’ படத்தில் ஃபிலடெல்ஃபியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை மனநல மருத்துவமனையாக வருகிறது. 1829இல் திறந்த கட்டடம் அது, தனிமை கைதியைத் திருத்தும் என்ற கருதுகோளுக்காகவே எழுப்பப்பட்டது. அதாவது, கதைக்காரர்கள் வருவதற்கு முன்பே அது ஒரு சோதனைக்கூடம்.

இன்னொரு மறுப்பு கனமானது. 1950 பிப்ரவரி 11 அன்று, குடியரசு பிறந்து மூன்று வாரம் கூட ஆகாத நிலையில், சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அந்த மண்ணில் கற்பனை விளையாடலாமா? மோரலின் பெயரை மறைக்காமலேதான் லண்டன் தன் கற்பனையை ஓடவிட்டார்; அதனால் உண்மை மங்கவில்லை, தண்டனையின் கொடுமை கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே எழுது. ஆனால் கால இயந்திரத்தில் ஒருவனை அனுப்பி அந்த 22 பேரையும் காப்பாற்றிவிடாதே. சுட்டவர்களின் பொறுப்பை அது துடைத்துவிடும். உன் கதாநாயகன் அந்த நாளுக்குப் போகட்டும், தடுக்க முடியாமல் பார்க்கட்டும், திரும்பி வந்து 2150இன் அதிகாரிகள் முன் சாட்சி சொல்லட்டும். அவர்கள் அதை ஏற்கிறார்களா இல்லையா என்பதை நீ முடிவு செய். முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்