சின்னம் தைக்கக் கொடுக்கும் முன்...

தோட்டத்து விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம், முன்பள்ளி என்று பலரும் சேட்டிலும் ஸ்வெட்டரிலும் தங்கள் சின்னத்தை மெஷினில் தைத்துப் போட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அது சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த காசு. முப்பது சேட்டிலும் எழுத்து கட்டிகட்டியாக வந்துவிட்டால் என்ன செய்வது? தையலைப் பிரித்தாலும் துணியில் ஊசித் துளை தெரியும். ஆகவே முன்கூட்டிச் செய்ய வேண்டியதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மெஷினுக்குப் படம் விளங்காது. போட்டோவைக் கொடுத்தால் அதுவே பார்த்துத் தைத்துவிடும் என்று நினைக்காதீங்க. ஊசி எங்கே இறங்க வேண்டும், தையல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த நிறம் முதலில் வர வேண்டும் என்று ஒருவர் கம்பியூட்டரில் தீர்மானித்துத் தையல் ஃபைல் ஒன்று தயாரிக்கிறார். இந்த வேலைக்கு டிஜிட்டைசிங் என்று பெயர். நாம் கொடுக்கும் படம் தெளிவாக இருந்தால்தான் அவர் வேலையும் சரியாக வரும்.

ஒரு கழகச் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். வட்டத்துக்குள் மலை, சூரியன், இரண்டு இலையும் ஒரு மொட்டும். சுற்றிவரக் கழகத்தின் பெயர். சேட்டின் நெஞ்சுப் பக்கத்தில் இதற்கு 9 சென்டிமீட்டர் அகலம்தான் கிடைக்கும்.

1. எழுத்து: ஆங்கிலப் பெரிய எழுத்தே 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தெளிவாக வராது. நம்ம தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் இருப்பதால் இன்னும் பெரிதாக, 8 மில்லிமீட்டராவது வையுங்கள். பெயர் நீளமென்றால் சுருக்குங்கள். தொடங்கிய வருடம், சுலோகம் எல்லாம் சேட்டில் வேண்டாம்.

2. கோடு: 1 மில்லிமீட்டருக்கு மெல்லிய கோடு வெறும் ஒற்றைத் தையலாகப் போய்விடும். இலையின் ஓரப் பற்களையும் சின்ன நரம்புகளையும் விட்டுவிடுங்கள். நடு நரம்பு மட்டும் போதும்.

3. நிறம்: சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மெல்ல மாறுகிற சூரியன் கடதாசியில் அழகு, நூலிலே அப்படி எடுப்பது கஷ்டம். மூன்று, நான்கு நிறத்தோடு நிறுத்துங்கள். கடையில் உள்ள நூல் அட்டையைப் பார்த்து நிறத்தைத் தெரிவு செய்யுங்கள்.

4. துணி: தையல் துணியை இழுக்கும். அதனால் வட்டம் முட்டை மாதிரி ஆகலாம். டீ-சேட், ஸ்வெட்டர் போன்ற இழுபடும் துணிக்கு அடியில் தாங்கு துணி வைத்துத் தைத்து, மிஞ்சியதை வெட்டிவிட வேண்டும். ஸ்வெட்டரின் கம்பளிக்குள் தையல் புதைந்துபோகாமல் மேலே தண்ணீரில் கரையும் தாள் ஒன்றும் வைப்பார்கள். ஆகவே எந்தத் துணியில் தைக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. செலவு: பெரும்பாலும் தையல் எண்ணிக்கையைப் பார்த்தே கூலி கேட்பார்கள். ஒரு சதுர அங்குலத்தை நூலால் நிரப்பச் சுமார் 2,000 தையல் வேண்டும். 9 சென்டிமீட்டர் வட்டம் முழுவதையும் நிரப்பினால் ஏறக்குறைய 20,000 தையல் ஆகும்! சேட் பச்சை என்றால் வட்டத்தின் உட்பகுதியை நிரப்பாமல் துணியையே விட்டுவிடலாம். காசும் மிச்சம், சேட்டும் அட்டை மாதிரி விறைக்காது.

படம் சரியானதும் அதே வகைத் துணியில் ஒன்று மட்டும் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துப் பாருங்கள். சுருக்கம் விழுகிறதா, ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா, கை நீட்டும் தூரத்தில் பெயரை வாசிக்க முடிகிறதா என்று கவனியுங்கள். பிறகு மற்றவற்றுக்குச் சொன்னால் போதும்.

இன்னொன்று. டிஜிட்டைசிங் கூலி கொடுக்கும்போதே அந்த ஃபைல் நமக்குக் கிடைக்குமா என்று கேட்டு, வாங்கிக் கழகத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருடம் அதே அளவில் தைக்கத் திரும்பவும் அந்தக் கூலி கொடுக்கத் தேவையில்லை. தொப்பிக்கோ முதுகுப் பக்கத்துக்கோ அளவு பெரிதாக மாறினால் புது ஃபைல்தான் வேண்டும்.

பயிற்சி: 9 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, 1 மில்லிமீட்டர் தடிப்பில் எழுதும் மார்க்கர் பேனாவால் உங்கள் சின்னத்தை வரைந்து பாருங்கள். அந்தப் பேனாவால் வரைய முடியாத எதையும் ஊசியிடமும் எதிர்பார்க்காதீங்க.