கண்ணாடி காட்டாத வலிமை

ஃபேரர் பார்க் பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நீங்கள் நடந்திருக்கலாம். அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. 1842 முதல் 1933 வரை இந்த வட்டாரத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறிய பிறகு, பல தலைமுறை விளையாட்டாளர்கள் வியர்வை சிந்திய மைதானமாக அது மாறியது. இன்றும் வீவக புளோக்குகளுக்கு இடையே உள்ள உடற்பயிற்சி மூலைகளில் உங்கள் வயதுப் பிள்ளைகள் கம்பியில் தொங்குவதைப் பார்க்கலாம்.

அவர்களில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தசையை வளர்க்க எடை தூக்கத் தொடங்கி மூன்று வாரமாகிவிட்டது. கண்ணாடி முன்னே கையை மடக்கிப் பார்க்கிறீர்கள். கை அப்படியேதான் இருக்கிறது. இந்த மூன்றாவது வாரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சிலர் “நமக்கு இது ஒத்துவராது” என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் அவசரப்பட்டு இருமடங்கு எடையைத் தூக்கித் தோளையோ முதுகையோ காயப்படுத்திக்கொள்கிறார்கள். இரு தரப்பினருக்கும் தெரியாத ஒன்று உண்டு: அந்த மூன்று வாரத்தில் அவர்கள் உடல் சும்மா இருக்கவில்லை.

முதலில் மாறுவது நரம்பு

ஒரு தசையில் ஆயிரக்கணக்கான தசைநார்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு கூட்டம் தசைநார்களை இயக்குகிறது. இந்த நரம்பணுவையும் அதன் தசைநார்களையும் சேர்த்து ‘இயக்க அலகு’ என்கிறோம். பேனாவை எடுக்கச் சிறிய அலகுகள் சில போதும். எடை கூடக்கூடப் பெரிய அலகுகளையும் மூளை வேலைக்கு அழைக்கும்.

புதிதாகத் தொடங்குபவரின் மூளைக்கு எந்தெந்த அலகுகளை, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாக அழைக்க வேண்டும் என்பது சரியாகத் தெரியாது. மிதிவண்டி ஓட்டக் கற்றதைப்போல, இதையும் அது திரும்பத் திரும்பச் செய்துதான் கற்கிறது. அதனால் முதல் சில வாரங்களில் தசை அவ்வளவாகப் பருக்காமலேயே வலிமை கூடுகிறது. கண்ணாடி இதைக் காட்டாது. குறிப்பேடு காட்டும். முதல் நாள் 6 தடவை தூக்கிய எடையை இன்று 10 தடவை தூக்குகிறீர்கள் என்றால் அதுதான் சான்று.

வளர்வது ஓய்வில்

எடையைத் தாங்கும்போது தசைநார்களில் இழுவிசை ஏற்படுகிறது. “இங்கே இன்னும் வலு வேண்டும்” என்று உயிரணுக்களுக்குச் சொல்லும் முதன்மையான சமிக்ஞை அதுவே. அதைக் கேட்ட தசைநார்கள் புதிய புரதத்தைக் கட்டத் தொடங்குகின்றன. ஒரு பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றிரண்டு நாள் இந்தக் கட்டுமான வேகம் கூடியிருக்கும். தசைநார்களின் எண்ணிக்கை பெருகுவதைவிட, இருக்கும் நார்கள் தடிப்பதால்தான் தசை பருக்கிறது.

தூக்கும்போது கிடைப்பது கட்டளை. கட்டுமானம் நடப்பது ஓய்வு நாளில். தினமும் ஒரே தசையை வருத்துவது, சிமெண்டு காய்வதற்குள் அடுத்த மாடியைக் கட்டுவது போன்றது. வாரத்துக்கு மூன்று நாள், அதுவும் அடுத்தடுத்து வராத நாள்கள், தொடக்கநிலைக்குப் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லுக்குப் படிக்கட்டு இல்லை

தமிழகத்தின் தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் என்ற உருண்டைக் கல்லைத் தூக்குவது பழைய வழக்கம். இளைஞரின் வலிமையைச் சோதிக்க அது நல்ல வழி. ஆனால் வலிமையை வளர்க்க நல்ல வழி அல்ல. கல்லின் எடையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாதே! தூக்கினால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. நடுவில் படி எதுவும் கிடையாது.

அந்தப் படிகளை அறிவியல் முறையில் அமைத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து தசை மெலிந்த வீரர்களுக்கு, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சியை அவர் அளித்தார். அந்த முறையை விளக்கும் அவருடைய கட்டுரை 1945இல் வெளியானது. ‘படிப்படியாகச் சுமையைக் கூட்டுதல்’ என்பது இன்றும் எல்லா எடைப்பயிற்சிக்கும் அடிப்படை விதி.

ஆனால் எதைக் கூட்டுவது? 5 கிலோ டம்பெல்லைத் தூக்குபவர் 6 கிலோவுக்கு மாறினால், கூடியது 1 கிலோதான் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அது 20 விழுக்காடு உயர்வு! 40 கிலோ தூக்குபவருக்கு அதே 1 கிலோ 2.5 விழுக்காடுதான். ஆகவே தொடக்கநிலையில் முதலில் தடவைகளைக் கூட்ட வேண்டும், பிறகுதான் எடையை.

எட்டு வாரத் திட்டம்

உடற்பயிற்சிக்கூடம் இல்லாமலேயே தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1 கிலோ. பள்ளிப் பையில் அரை லிட்டர் போத்தல்களை அடுக்கினால், அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூட்டக்கூடிய எடை தயார். ஐந்து முதல் பத்து நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடாக்கிய பின் இந்த ஆறு பயிற்சிகளையும் செய்யுங்கள்:

1. பையை நெஞ்சோடு அணைத்து, தோப்புக்கரணத்தில் செய்வதைப்போல உட்கார்ந்து எழுதல்.
2. புஷ்-அப். தரையில் முடியாவிட்டால் உறுதியான மேசை விளிம்பில் கையூன்றிச் செய்யலாம்.
3. ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பை நோக்கி இழுத்தல்.
4. பையை முன்னே பிடித்து, முதுகை நேராக வைத்தபடி இடுப்பில் மட்டும் மடங்கி நிமிர்தல்.
5. பையைத் தோள் உயரத்திலிருந்து தலைக்கு மேல் உயர்த்துதல்.
6. முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடலைப் பலகைபோல் 20 முதல் 30 வினாடி நிறுத்துதல்.

முதல் இரண்டு வாரம்: முதல் ஐந்து பயிற்சிகளையும் 10 தடவை வீதம் 2 சுற்று செய்யுங்கள். பலகைப் பயிற்சியும் 2 சுற்று. எடை மிகக் குறைவாக இருக்கட்டும். இது மூளை பாடம் படிக்கும் காலம்.

மூன்று முதல் எட்டாம் வாரம் வரை: 3 சுற்று, ஒவ்வொன்றிலும் 8 தடவையில் தொடங்குங்கள். “இன்னும் இரண்டு தடவை முடியும்” என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். சுற்றுகளுக்கு இடையே ஒன்று முதல் இரண்டு நிமிட ஓய்வு. மூன்று சுற்றிலும் 12 தடவையை எட்டி, அடுத்த பயிற்சி நாளிலும் அதையே செய்ய முடிந்தால் ஒரு போத்தலைக் கூட்டி மறுபடியும் 8க்கு இறங்குங்கள்.

மறுநாள் தசையில் மந்தமான வலி இருப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் குத்தும் வலி வந்தால் அது வேறு. உடனே நிறுத்தி, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

உயரம் நின்றுவிடுமா?

“எடை தூக்கினால் வளரமாட்டாய்” என்று வீட்டில் பாட்டி சொல்லக்கூடும். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை நினைத்து எழுந்த அச்சம் அது. முறையாகத் திட்டமிட்டு, கண்காணிப்புடன் செய்யும் எடைப்பயிற்சி இளையரின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. அதே சமயம், எலும்பு வளர்ச்சி முழுமையடையும்வரை “ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும்?” என்ற சோதனை வேண்டாம் என்றும் மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பாட்டியின் அச்சத்திலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியரிடம் உங்கள் முதுகின் நிலையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்றவை இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தேக்காவில் கிடைக்கும் புரதம்

பயிற்சி செய்யும் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் சுமார் 8 கிராம், சமைத்த 100 கிராம் கோழி இறைச்சியில் 25 கிராமுக்கு மேல் புரதம் உள்ளது. பருப்பு, கொண்டைக்கடலை, மீன், தவ்ஃபு எல்லாமே தேக்கா சந்தையில் கிடைப்பவை. விலை உயர்ந்த மாவு டப்பா தேவையில்லை.

தூக்கம் இன்னும் முக்கியம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி இயக்குநீர் அதிகம் சுரக்கிறது.

ஏழு ஆண்டுப் படிக்கட்டு

சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் எந்த விளையாட்டில் கிடைத்தது தெரியுமா? பளுதூக்குதலில்தான். 1960இல் ரோமில் நடந்த போட்டியில் டான் ஹாவ் லியாங் 67.5 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 380 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அதில் ஒரு தூக்கு மட்டும் 155 கிலோ. அந்தப் பிரிவின் உடல் எடை வரம்பைப்போல் ஏறக்குறைய 2.3 மடங்கு!

அவர் எடை தூக்கத் தொடங்கியது 1953 வாக்கில். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் பதக்கம் கிடைக்கவில்லை. 1958இல் கார்டிஃப் நகரில் காமன்வெல்த் தங்கம் வென்றார். ரோம் மேடைக்கு வர ஏழு ஆண்டு ஆனது. அவருக்கும் ஒரு மூன்றாவது வாரம் இருந்திருக்கும்.

செய்து பாருங்கள்

சுற்று × தடவை × எடை என்று பெருக்கினால் ஒரு பயிற்சியின் மொத்தச் சுமை கிடைக்கும். 5 கிலோவை 3 சுற்று, 8 தடவை தூக்கினால் 120 கிலோ. 12 தடவையானால் 180 கிலோ. பையை 5.5 கிலோவாக்கி மீண்டும் 8 தடவைக்கு இறங்கினால் 132 கிலோ. சுமை குறைந்துவிட்டதே, இது பின்னடைவா? இல்லை என்றால் ஏன்? எட்டு வாரமும் இந்த எண்ணைக் குறித்து, வரைபடமாக வரைந்து பாருங்கள். கோடு நேராக ஏறாது. ஏறி, சற்று இறங்கி, மறுபடியும் முன்னைவிட உயரமாக ஏறும்.